கவர்னஸ்னா யாரு, டீச்சரா ஆயாவா?

விக்டோரியா காலத்து இங்கிலீஷ் நாவல் நாலு படிச்சா ஒண்ணுலயாவது கவர்னஸ் வந்துருவாங்க, தமிழ்ல மொழிபெயர்க்கிறவங்க ஒருத்தர் ஆசிரியைனு போடுவார், இன்னொருத்தர் தாதினு போடுவார், ரெண்டுலயும் பாதி விஷயம் போயிடுது.

வேர் லத்தீன்ல இருக்கு. குபெர்னாரேனா கப்பலோட சுக்கானைப் பிடிச்சு ஓட்டுறது, அதுவும் கிரேக்கத்துல இருந்து வந்ததுதான். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்போ கவர்னஸ்னா ஆட்சி பண்ற பொம்பளைனுதான் அர்த்தம், நம்ம கவர்னர், கவர்ன்மென்ட் எல்லாம் அதே குடும்பம். 19ஆம் நூற்றாண்டுக்கு வர்றப்போ பணக்கார வீட்டுல தங்கி பிள்ளைங்களுக்குப் பாடம், பிரெஞ்சு, பியானோ சொல்லிக்கொடுக்குற சம்பளக்காரிக்கு அந்தப் பேரு. பேருலதான் அதிகாரம் எல்லாம்.

இவங்க ஏழை வீட்டுப் பொண்ணு கிடையாது, பாதிரியார் மகளாவோ நொடிச்சுப்போன குடும்பத்துப் பொண்ணாவோ இருப்பாங்க. கௌரவம் கெடாம ஒரு பொண்ணு சம்பாதிக்க அப்போ வேற வழி ரொம்பக் குறைவு. ஆனா வேலைக்குப் போன வீட்டுல வேலைக்காரங்களோட உக்காந்து சாப்பிட முடியாது, எஜமானர் மேஜைக்கும் கூப்பிட மாட்டாங்க, பல வீட்டுல பாடம் நடத்துற ரூம்லயே தனியா சாப்பிடணும். 1848ல எலிசபெத் ரிக்பிங்கிற எழுத்தாளர் ஒரு விமர்சனத்துல, பிறப்பு, பழக்கவழக்கம், படிப்பு மூணுலயும் நமக்குச் சமம், காசுல மட்டும் கீழன்னு கவர்னஸைப் பத்தி எழுதுனாங்க, சிக்கலே அந்தச் சமம்தான்.

1847 ஒரே வருஷத்துல மூணு கவர்னஸ் கதை வந்துச்சு. ஜேன் அயர் நாவல்ல ஜேனுக்கு வருஷத்துக்கு 30 பவுண்டு, முன்னாடி ஸ்கூல்ல வாங்குனதைவிட டபுள். விருந்து நடக்குற ஹால்ல ஜன்னலோரம் திரைக்குப் பின்னாடி பாதி மறைஞ்சு உக்காந்திருப்பா, அவ காதுல விழுற மாதிரியே பிளான்ச் இங்ராமும் அவ அம்மாவும் கவர்னஸ் கூட்டத்தையே கிழி கிழின்னு கிழிப்பாங்க. எழுதுன ஷார்லட் பிரான்டியே இந்த வேலை பார்த்தவங்க, ஒரு வீட்டுல 20 பவுண்டு பேசி துணி துவைக்கிற செலவைக் கழிச்சா 16 தான் கையில நிக்கும்னு எழுதியிருக்காங்க. அந்த வருஷம் தொடர்கதையா வர ஆரம்பிச்ச வேனிட்டி ஃபேர்ல வர்ற பெக்கி ஷார்ப் வேற ரகம், இந்த வேலையையே ஏணியா வச்சு மேல ஏறப் பார்ப்பா.

என்னைக் கேட்டா தங்கச்சி ஆன் எழுதுன ஆக்னஸ் க்ரே தான் உண்மைக்குக் கிட்ட இருக்கு. அதுல ஒரு பையன் பறவைக் குஞ்சுங்களை சித்ரவதை பண்ணப் போறான், ஆக்னஸால அவனைக் கண்டிக்கவும் முடியல தண்டிக்கவும் முடியல, கடைசியில குஞ்சுங்க வலியில துடிக்கக் கூடாதுன்னு அவளே ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுக் கொன்னுடுவா, அதுக்கு அந்த வீட்டம்மா பையன் விளையாட்டைக் கெடுத்துட்டேன்னு இவளைத்தான் குறை சொல்லுவாங்க. சுக்கான் யார் கையிலன்னு இதுக்கு மேல விளக்கணுமா?

சரி, தமிழ்ல என்ன போடலாம்? தாதி, ஆயா ரெண்டும் வேண்டாம், பாடம் நடத்துற வேலையே அதுல இல்ல. ஆயாவோட மூலம் aia-ங்கிற போர்ச்சுகீஸ் சொல்லு, அங்க அதுக்கு கவர்னஸ்னும் அர்த்தம் உண்டு, ஆனா நம்ம காதுல அது வேலைக்காரம்மா தான். செவிலித்தாய் கேக்க அழகா இருக்கு, ஆனா சங்கப் பாட்டுல செவிலி குடும்பத்துல ஒருத்தி, தலைவியைத் திட்டவும் உரிமை உண்டு, அவ மக தான் தோழி. அந்த உரிமை கவர்னஸுக்குக் கிடையவே கிடையாது, போதாததுக்கு இப்போ செவிலியர்னா நர்ஸ்.

'இல்ல ஆசிரியை' (இல்லம்னா வீடு) பரவாயில்ல, தங்குறதும் பாடமும் ரெண்டும் வந்துடுது. நான்னா முதல் தடவை அதைப் போட்டு வீட்டோட தங்குறவங்கனு ஒரு வரி சேர்த்துட்டு அப்புறம் கவர்னஸ்னே விட்டுருவேன். நானி வேற ஆளு, அவங்க குளிப்பாட்டி சோறு ஊட்டுறவங்க, ரெண்டையும் ஒரே சொல்லுல அடைச்சுடாதீங்க.