நுஷூஸ்: மனைவிக்கு ஒரு பொருள், கணவனுக்கு வேறு பொருளா?

குடும்பத் தகராறு ஜமாஅத்துக்கு, அதாவது பள்ளிவாசல் நிர்வாகத்திடம், வந்தால், பெண் வீட்டாரை வாயடைக்க வைக்கும் ஒரு சொல் உண்டு: நுஷூஸ். "பொண்ணு மாறு செய்யுது, குர்ஆன்லயே இருக்கே" என்று குர்ஆனின் நான்காம் அத்தியாயமான அந்நிஸாவின் 34ஆம் வசனத்தை (4:34) யாராவது எடுத்து வைப்பார். அடி வாங்கிய பெண்ணே குற்றவாளியாகிப் போவாள்.

நூன், ஷீன், ஸாய் என்ற மூன்றெழுத்து வேர் இது. அரபியில் 'நஷ்ஸ்' என்றால் மேட்டு நிலம். சுற்றுத் தரையைவிட உயர்ந்து நிற்கும் திட்டு. சபையில் "எழுந்திருங்கள்" என்று சொல்லப்பட்டால் எழுந்துவிடுங்கள் என்கிறதே 58:11, அங்கே வருவது இதே வினைதான். இறந்த கழுதையின் எலும்புகளைத் தூக்கிச் சேர்ப்பதைச் சொல்லும் 2:259லும் இதே வேர். இந்த இரண்டு இடத்திலும் கீழ்ப்படியாமை என்ற பேச்சே இல்லை. இல்லறத்துக்கு வரும்போது, ஒருவர் தம்மை மேலே உயர்த்திக்கொண்டு துணையிடமிருந்து விலகி நிற்பதை அது குறிக்கிறது.

குர்ஆன் இதை மனைவிக்கு மட்டும் சொல்லவில்லை. 4:34ல் மனைவியின் நுஷூஸ், 4:128ல் கணவனின் நுஷூஸ். அரபியில் ஒரே சொல். நம்மிடம் பரவலாகப் புழங்கும் தமிழ் மொழிபெயர்ப்பைத் திறந்து பாருங்கள்: அவளுக்கு 'மாறு செய்தல்', அவனுக்கு 'வெறுத்தல்'. அவள் செய்தால் குற்றம், அவன் செய்தால் மனநிலை! பழைய ஃபிக்ஹிலும், அதாவது இஸ்லாமியச் சட்ட நூல்களிலும், 'நாஷிஸா' (நுஷூஸ் செய்பவள்) என்று ஆகிவிட்ட மனைவி நஃபகாவை, அதாவது ஜீவனாம்சத்தை, இழந்தாள்.

'பிணக்கு' என்று சிலர் எழுதுகிறார்கள். அது இருவருக்கும் இடையில் நடப்பது. நுஷூஸ் ஒருவர் பக்கத்திலிருந்து எழுவது. தமிழில் பொருத்தமான சொல் கையருகிலேயே இருக்கிறது: மேட்டிமை. நஷ்ஸிலிருந்து நுஷூஸ் வந்தது போலவே மேட்டிலிருந்து மேட்டிமை. கணவன், மனைவி இருவருக்கும் பொருந்தும், யாருக்கும் சலுகை தராது.

'அடியுங்கள்' என்ற சொல்லும் 4:34ல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அறிவுரை, படுக்கையில் விலகல் ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாவதாக. காயம்படாத அடி என்று நபி (ஸல்) இறுதி ஹஜ்ஜில் வரம்பு கட்டினார்கள். மக்காவின் அறிஞர் அதாவு இப்னு அபீ ரபாஹ், கோபித்துக்கொள்ளலாம், அடிக்கக் கூடாது என்றே சொன்னார். நபியவர்களோ எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததே இல்லை என்பது அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்களின் சாட்சி. அனுமதி என்ற பெயரில் கை ஓங்குகிறவர்கள் இந்தச் சாட்சியை ஏன் ஒருமுறைகூடச் சொல்வதில்லை?

மதீனாவில் ஒருமுறை, கணவர்கள் அடிக்கிறார்கள் என்று பெண்கள் கூட்டமாக வந்து நபியவர்களின் வீட்டாரிடம் முறையிட்டார்கள். "அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர்" என்றார்கள் நபியவர்கள்.

மேட்டிமை என்றால் என்ன என்று எனக்குக் காட்டிக்கொடுத்தது ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் செய்தி. மக்காவில் உயர்வாக மதிக்கப்பட்ட குறைஷிக் குலத்துப் பெண். தலாக்கான பிறகு தம்மைப் பெண் கேட்டவர்களைப் பற்றி நபியவர்களிடம் யோசனை கேட்டார். முஆவியா கையில் காசில்லாதவர் என்று பதில் வந்தது. அபூ ஜஹ்ம்? "தோளிலிருந்து கம்பை இறக்காதவர்." பெண்களை அதிகம் அடிப்பவர் என்றே இன்னொரு அறிவிப்பு நேராகச் சொல்கிறது. இருவருமே குறைஷிகள். "உஸாமாவை மணந்துகொள்" என்றார்கள் நபியவர்கள். உஸாமா, விடுதலை பெற்ற அடிமை ஸைதின் மகன். ஃபாத்திமாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. நபியவர்கள் மறுபடியும் சொன்னார்கள். மணந்துகொண்டார். அதில் அல்லாஹ் நன்மையை வைத்தான், மற்றவர்கள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார்.