'ஏ/எல்' இனிஷியல் இல்லை

செட்டிநாட்டில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இருந்தபோது நான் எழுதிய ஒரு குறிப்பு இன்னும் உறுத்துகிறது.

மலேசியாவின் ஈப்போவிலிருந்து பத்து நாள் லீவில் வந்த ஆச்சி ஒருவர், காலமான தன் அப்பச்சி (அப்பா) பெயரிலிருந்த பட்டாவை மாற்ற மனுக் கொடுத்திருந்தார். இணைப்பில் மலாய் மொழியில் இறப்புச் சான்றிதழ். பெயருக்கு நடுவே 'ஏ/எல்'. நம் பக்கம் ஏஎல் என்றால் அழகப்பன் வழி விலாசம், அதாவது பெயருக்கு முன் போடும் இனிஷியல் அல்லவா? பட்டாவிலோ வேறு விலாசம். 'பெயர் வேறுபாடு' என்று எழுதி மேலே அனுப்பிவிட்டேன்.

வட்டாட்சியர் கூப்பிட்டார். "இது என்னன்னு அந்தம்மாகிட்ட கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆச்சி வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். "அது அனாக் லெலாக்கி தம்பி. இன்னார் மகன்னு அர்த்தம். அங்க நம்மாளுகளுக்கு அப்படித்தான் போடுவாக" என்றார்.

நம் விலாசம் பாட்டன், அப்பன் என்று அடுக்கி வருவது. பிள்ளை கூட்டினால், அதாவது தத்துப் போனால், விலாசமே மாறிவிடும். இது ஈப்போ அலுவலருக்கு எப்படித் தெரியும்? வட்டாட்சியர் கிராம நிர்வாக அலுவலரிடம் கோயில் புள்ளிக் கணக்கை, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாகக் குறிக்கும் பதிவைப் பார்க்கச் சொன்னார். அது வாரிசுச் சான்று ஆகாது. ஆனால் ஊரில் யாரை விசாரிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தது.

இன்னொரு துண்டு நிலம் அடுத்த மாவட்டத்தில். செட்டிநாடு ஒன்றுதான். ஆனால் காரைக்குடி சிவகங்கை மாவட்டம், ராயவரம் புதுக்கோட்டை மாவட்டம். 1948 வரை புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். இரண்டு பட்டாவிலும் இருப்பவர் ஒரே ஆள்தான் என்று நாங்கள் எழுதித் தர வேண்டும். எங்களில் யாரும் கையெழுத்துப் போடத் தயாரில்லை, நாளைக்கு ஆடிட்டில் வந்து நின்றால்? கம்ப்யூட்டர் வந்த பிறகும் தகவல் நகராததற்குப் பாதிக் காரணம் இந்தப் பயம்தான். "தப்புன்னா என் தலையில விடியட்டும்" என்று வட்டாட்சியரே கையெழுத்துப் போட்டு, அடுத்த மாவட்டத்து அலுவலகத்துக்குப் போனும் செய்தார்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கிளம்பும் முன்பே சில வேலைகளை முடித்துவிடுங்கள். மலேசியச் சான்றிதழ் என்றால் அங்குள்ள வெளியுறவு அமைச்சகமான விஸ்மா புத்ராவிலும், பிறகு இந்தியத் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்க வேண்டும். சிங்கப்பூருக்கு 2021 செப்டம்பர் முதல் அப்போஸ்டில் என்ற சர்வதேசச் சான்று முத்திரை போதும். மலாய்ச் சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பும், இரண்டு பெயரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டும் கையில் இருக்கட்டும்.

அந்த ஆச்சிக்கு ஒன்பதாம் நாள் பட்டா கிடைத்தது. அடுத்த மாவட்டத்து நிலம் மட்டும் நாலு மாதம் இழுத்தது. போனில் பேசிய அலுவலர் நடுவில் மாற்றலாகிப் போயிருந்தார்.