அசிஸ்டிவ் டெக்னாலஜி: உதவியா, துணையா?

பென்சிலை இறுக்கிப் பிடிக்க முடியாத ஒரு பிள்ளைக்கு, பென்சிலின் மேல் தடிமனான ரப்பர் உறை ஒன்றை மாட்டிவிட்டால் விரல் நழுவாமல் எழுத வரும். அந்த ரப்பர் உறையும் அசிஸ்டிவ் டெக்னாலஜி, கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளும் அசிஸ்டிவ் டெக்னாலஜி. டெக்னாலஜி என்றதும் கம்பியும் மின்சாரமும் திரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன என்பதால், முதலாவதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் சொல்லின் வரையறையைப் படித்தால் ரப்பர் உறைக்கு அதில் இடம் தாராளமாகவே இருக்கிறது.

அந்த வரையறை 1988-இல் அமெரிக்கச் சட்டம் ஒன்றில் வந்தது. மாற்றுத்திறனாளி ஒருவரின் செயல்திறனைக் கூட்டவோ, குறையாமல் காக்கவோ, மேம்படுத்தவோ பயன்படும் எந்தப் பொருளும், கருவியும், அமைப்பும் இதில் அடங்கும். அது கடையில் அப்படியே வாங்கியதாக இருந்தாலும் சரி, கொஞ்சம் மாற்றியமைத்ததாக இருந்தாலும் சரி, அவருக்கென்றே செய்ததாக இருந்தாலும் சரி. மின்சாரத்தைப் பற்றியோ விலையைப் பற்றியோ அதில் ஒரு பேச்சும் கிடையாது. பின்னால் அமெரிக்கச் சிறப்புக் கல்விச் சட்டமும் இதே வரையறையை எடுத்துக்கொண்டது. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையிலும் இந்தச் சொல் இடம்பெற்றது. அதற்கு முன்னால் இந்தப் பொருட்களை 'டெக்னிக்கல் எய்ட்ஸ்' என்று சொல்வது வழக்கம். இவற்றை வகைப்படுத்தும் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9999-கூட அந்தப் பெயரோடுதான் இருந்தது, 2007 பதிப்பில்தான் 'அசிஸ்டிவ் புராடக்ட்ஸ்' என்று மாற்றிக்கொண்டது.

சரி, அசிஸ்ட் என்றால் என்ன? 'உதவு' என்று அகராதி ஒரே சொல்லில் முடித்துவிடும். வேரைத் தோண்டினால் வேறொரு படம் கிடைக்கிறது. இலத்தீனில் 'அட்' என்றால் அருகே, 'சிஸ்டெரே' என்றால் நிற்றல். இரண்டும் சேர்ந்து, பக்கத்தில் போய் நிற்றல். பிரெஞ்சு மொழி இந்தப் பழைய பொருளை இன்னும் விடவில்லை. ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன் என்று சொல்லவும் அவர்கள் இந்த வினையைத்தான் பயன்படுத்துவார்கள், அங்கே போய் யாருக்கும் ஒரு உதவியும் செய்திருக்க வேண்டியதில்லை, உடன் இருந்தால் போதும். டெக்னாலஜியில் இருக்கும் 'டெக்னே' கிரேக்கச் சொல். கைத்தொழில், அதில் கைவரும் நயம் என்று பொருள். நம்முடைய 'தொழில்நுட்பம்' இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது, அதனால் அந்தப் பாதியில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

வழக்கு முன்பாதியில்தான். தமிழில் இப்போது அதிகம் புழங்குவது 'உதவித் தொழில்நுட்பம்'. எளிய சொல், யாருக்கும் புரியும், நானும் நெடுநாள் அப்படித்தான் எழுதினேன். இடறுவது எங்கே என்றால், உதவி என்று சொன்னதுமே கொடுக்கிறவர் ஒருவர், வாங்கிக்கொள்கிறவர் ஒருவர் என்று இரண்டு பேர் வந்து நின்றுவிடுகிறார்கள். உதவித்தொகை, நிதியுதவி, உதவி கோரும் விண்ணப்பம் என்று இந்தச் சொல்லின் கூட்டாளிகளைப் பார்த்தாலே தெரியும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இத்தகைய பொருள் ஒன்றாவது தேவைப்படுகிறது என்கிறது. இவ்வளவு பெரிய எண் எப்படி வந்தது என்றால், அந்தப் பட்டியலில் மூக்குக்கண்ணாடியும் உண்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு பாடம் படிக்கிற பையனைப் பார்த்து, உதவி பெற்றுப் படிக்கிறான் என்று யாராவது சொல்வோமா? அது அவன் கண்ணாடி, அவன் போட்டுக்கொண்டு அவனே படிக்கிறான். சக்கர நாற்காலியும் வெண்கோலும் அதே மாதிரிதான், கையில் வைத்திருப்பவர் தானே செய்கிறார்.

அதனால் 'துணை' பக்கம் வந்தேன். துணை நிற்றல் என்று ஏற்கெனவே நம்மிடம் ஒரு தொடர் இருக்கிறது, இலத்தீன்காரர்கள் சொன்ன அதே பக்கத்தில் நிற்றல், கடன் வாங்காமலே. இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. இத்துணை, எத்துணை என்பவற்றில் வருகிற துணைக்கு 'அளவு' என்று பொருள். இணை, ஒப்பு என்ற பொருள்களும் அதற்கு உண்டு. துணையாக நிற்பது மேலேயும் நிற்பதில்லை, கீழேயும் நிற்பதில்லை. காது மெஷின் என்று வீட்டில் சொல்வதை எழுத்தில் 'செவித்துணைக் கருவி' என்று எழுதுகிறோமே, அதிலும் துணைதான் இருக்கிறது, அங்கே யாரும் செவியுதவி என்று எழுதவில்லை.

ஆனால் இதிலும் ஒரு முள் உண்டு. 'துணைத் தொழில்நுட்பம்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பு வைத்திருந்தேன், படித்த நண்பர் ஒருவர் ரொம்ப அப்பாவியாக, "அப்போ முதன்மைத் தொழில்நுட்பம் எது?" என்று கேட்டார். துணைவேந்தர், துணைத்தலைவர், துணை மின்நிலையம் என்று எல்லா இடத்திலும் துணை என்றால் அடுத்த நிலை என்று பழகிவிட்டதால் அவரைக் குறை சொல்ல முடியாது. (உதவிக்கும் இந்த நோய் உண்டு, உதவிப் பேராசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.) இதற்குத் தமிழிலேயே ஒரு மருந்து இருக்கிறது: உறுதுணை. 'உறு' என்பதை 'உற்ற' என்று கொண்டாலும் சரி, மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பியம் சொல்லும் உரிச்சொல்லாகக் கொண்டாலும் சரி, உறுதுணையை யாரும் இரண்டாம் நிலை என்று படிக்கமாட்டார்கள். ஆகவே துறையின் பெயராக வரும்போது 'உறுதுணைத் தொழில்நுட்பம்' என்றும், தனித்தனிப் பொருளைச் சொல்லும்போது 'துணைக்கருவி' என்றும் எழுதுகிறேன். உறுதுணைக்குப் பின்னால் 'த்' மிகும், மறந்துவிட வேண்டாம்.

இந்தச் சொல்லோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று 'அணுகுதன்மை', ஆங்கிலத்தில் அக்சஸிபிலிட்டி. இரண்டும் வேறு. துணைக்கருவி மாணவரோடு நடந்து வரும், அணுகுதன்மை அவர் போய்ச் சேரும் இடத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி துணைக்கருவி, வாசலில் இருக்கும் சாய்தளம் அணுகுதன்மை. தமிழில் படிக்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு எப்படி உறைக்கும் என்பதற்கு ஒரு காட்சி. பார்வையற்ற மாணவி ஒருத்தியிடம் நல்ல திரைவாசிப்பான் இருக்கிறது, என்விடிஏ மாதிரி இலவசமாகக் கிடைப்பதே போதும், தமிழ்க் குரலும் அதில் உண்டு. ஆசிரியர் அனுப்பிய பாடக்குறிப்பைத் திறக்கிறாள். குறிப்பு பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சானது. நம் கண்ணுக்கு 'அம்மா' என்று அழகாகத் தெரிகிறது. கோப்புக்குள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள், அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுவிட்டிருக்கிறது எழுத்துரு, அவ்வளவுதான். எழுத்தெழுத்தாக நகர்த்திக் கேட்டால் அவள் காதில் விழுவது: எம், கே, செமிகோலன், கே, எச். அம்மா காணாமல் போய்விட்டாள். கருவியில் ஒரு குறையும் இல்லை, மாணவியிடமும் இல்லை. அதே குறிப்பை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் யூனிகோடில் தட்டியிருந்தால் ஒரு நொடியில் 'அம்மா' என்று வாசித்திருக்கும். பக்கங்களைப் படம் பிடித்து அப்படியே பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் இன்னும் மோசம், திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள்தான், நடுவில் ஒரு எழுத்துணரி வந்து படத்தை எழுத்தாக மாற்றித் தர வேண்டும்.

எழுத்துணரியும் பேசும் குரலும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தது 1976-இல், ரேமண்ட் கர்ஸ்வைல் உருவாக்கிய வாசிக்கும் இயந்திரத்தில். மேசையை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பெட்டியின் வேலையை இப்போது கைப்பேசி செய்கிறது, அதனால் அதைப் பற்றி நீட்ட வேண்டாம். நீட்ட வேண்டியது, பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலைப் பற்றி. இந்தத் துறையின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கணினியிலிருந்து தொடங்கிவிடுவார்கள், நான் ஒரு பள்ளி மாணவனிலிருந்து தொடங்குவேன். பிரெஞ்சு இராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே என்பவர் இருட்டிலும் விரலால் தடவிப் படிக்கும் ஓர் எழுத்து முறையைச் செய்திருந்தார், ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை. விரல் நுனிக்கு அது பெரிது, ஒரு குறியைப் படிக்கவே விரலை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த லூயி பிரெயில், சின்ன வயதில் அப்பாவின் பட்டறையில் கூரான கருவி குத்திப் பார்வையை இழந்தவர், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-இல் அந்த முறை உருவானபோது அவருக்கு வயது 15. ஆறு புள்ளி என்பது விரலை நகர்த்தாமலே ஒரே தொடலில் அடங்கிவிடுகிற அளவு, அதில் 63 குறிகள் கிடைக்கின்றன, தமிழ் உட்பட எத்தனையோ மொழிகள் அதற்குள் வந்து அமர்ந்துவிட்டன. பார்வையுள்ள ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்து கொடுத்ததை, பயன்படுத்துகிற மாணவரே தன் விரலின் அளவுக்கு வெட்டிக்கொண்டார். அந்தப் பள்ளி இந்த முறையை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல், லூயி இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

அப்புறம் ஒரு நடைமுறைச் சங்கதி. தேர்வில் மாணவர் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறவரையும், கூடுதல் நேரம் கொடுப்பதையும் சிலர் இந்தத் தலைப்பின் கீழ் எழுதிவிடுகிறார்கள். இவை துணைக்கருவிகள் அல்ல, முதலாவது ஆள் துணை, இரண்டாவது தேர்வுச் சலுகை என்று வழங்குகிறது ('சலுகை' என்ற சொல்லோடும் எனக்குச் சண்டை உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்). படிவம் தயாரிக்கிறவர்கள் 'மாணவருக்கு வழங்கப்படும் உதவிகள்' என்று ஒரே கட்டம் போடாமல், 'மாணவர் பயன்படுத்தும் துணைக்கருவிகள்' என்று தனியாக ஒரு கட்டம் போட்டால், எழுவாய் தானாகவே மாணவராகிவிடும்.