மனை வாங்குமுன் ஐப்பசி மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் புறநகர்களில் வீடு கட்டித் தரும் பொறியாளர் நான். ஒரு மனைப்பிரிவு ஏன் பிடித்தது என்று கேட்டால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம்: முகப்பில் வளைவு இருக்கிறது, புதிய பேருந்து நிலையம் பக்கம், கிழக்கு பார்த்த மனை, எதிரே பிள்ளையார் கோயில். "நம்மவர்கள்தான் குடியிருக்கிறார்கள்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்களும் உண்டு. அந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல மேட்டு மனையை விட்டுவிட்டுப் பள்ளத்தை வாங்கிய குடும்பங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. டெல்டாவில் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

தை மாதம் சம்பா அறுவடை முடிகிறது. மாசி, பங்குனியில் வயலில் கிராவல் கொட்டி, கல் நட்டு, மனை பிரிக்கிறார்கள். சித்திரையில் போய்ப் பார்ப்பவருக்கு எல்லா மனையும் சமதளமாகத்தான் தெரியும். ஆனால் பாசன வாய்க்கால் மேட்டில் ஓடும். வயல் அதற்குக் கீழே. வடிகால் அதற்கும் கீழே. தண்ணீர் தானாகப் பாயவும் தானாக வடியவும் நம் முன்னோர் அமைத்த ஒழுங்கு இது. மனைப்பிரிவு வந்ததும் வாய்க்காலைத் தூர்த்துவிடுகிறார்கள், வடிகாலை ஒரு சிமெண்ட் குழாய்க்குள் அடக்கிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது தண்ணீருக்குப் போக வழியில்லை. தெருவே குளமாகிறது.

தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் பக்கம் செம்மண் மேட்டு நிலம். அங்கே வடிகால் கவலை குறைவு, ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் செலவு கூடும். நகருக்கு வடக்கே வெண்ணாறு, குடமுருட்டி பக்கம் போனால் நிலைமை தலைகீழ்: நிலத்தடி நீர் கைக்கு எட்டும், மண்ணோ களி. மழையில் ஊதி, கோடையில் சுருங்கி, அஸ்திவாரத்தை அசைத்துச் சுவரில் விரிசல் விடவைக்கும் மண் அது. மேலே கொட்டிய மண்ணில் அஸ்திவாரம் நிற்கக்கூடாது. அதைத் தாண்டி உறுதியான பழைய மண்ணில் நிற்க வேண்டும். களிமண் ஆழமாக இருந்தால் அடியில் குமிழ் விரிந்த பைல் அஸ்திவாரம், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண், போடுவது நல்லது. மண் பரிசோதனைக்கு ஆகும் பணம், பின்னால் விரிசலைப் பூசும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

கழிவறையைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம். பாதாளச் சாக்கடை இல்லாத புறநகரில் செப்டிக் டேங்க்தான் கதி. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறி நிற்கும்போது உறிஞ்சுகுழி எதையும் உறிஞ்சாது. கழிவுநீர் எதிர்த்து வரும். வயதான பெற்றோரும் சிறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் அது எத்தனை பெரிய துன்பம்! பக்கத்து வீட்டில் போய், மழைக்காலத்தில் கழிவறை எப்படி இருக்கிறது என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

பத்திரங்களில் வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். நிலத்தின் அளவைக் காட்டும் புலப்படத்தையும், நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும் வாங்கிப் பாருங்கள். மனைக்குள் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா, நிலம் கோயில் பெயரிலோ மடத்தின் பெயரிலோ இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். டெல்டாவில் கோயில் நிலங்கள் ஏராளம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி அறநிலையத் துறையின் கீழுள்ள நிலத்தை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்ய முடியாது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கானதுதான். "பிறகு அப்ரூவல் வாங்கித் தருகிறோம்" என்ற வாய்வார்த்தையை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் ஊரில் உலவுகிறது. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வயல்களை மனையாக்குவதைத் தடுத்துவிட்டது, ஆகவே விற்பனைக்கு வருகிற மனையெல்லாம் அரசு பார்த்து அனுமதித்தவை என்று சிலர் எண்ணுகிறார்கள். அச்சட்டம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுப்பதையும் தோல் பதனிடுதல், உருக்காலை போன்ற தொழில்களையும்தான் தடுக்கிறது. வீட்டு மனை அந்தப் பட்டியலில் இல்லை.

கோடையில் மனை பிடித்துப்போனால் விலையைப் பேசிவையுங்கள், பத்திரப் பதிவை மட்டும் தீபாவளிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் காலை மனைக்குப் போங்கள். எங்கே தண்ணீர் நிற்கிறது, எதிர்வீட்டுச் சுவரில் ஈரக்கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுத் தளம் அந்தக் கோட்டுக்கு மேலே எத்தனை அடி உயர வேண்டும், அதற்கு எத்தனை லோடு மண் அடிக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்தத் தொகையையும் மனை விலையோடு கூட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.