பிங் போகிறது, ஃபைல் போகவில்லை: பிரிட்ஜும் கார்டின் ஆஃப்லோடும்

விர்ச்சுவல் மெஷின்கள் ஓடும் சர்வர் பற்றி வரும் புகார்களில் ஒரு ரகத்தைக் கேட்டவுடனே அடையாளம் தெரிந்துவிடும். பிங் ஒழுங்காகப் போகிறது, எஸ்எஸ்எச்சில் உள்ளே நுழைய முடிகிறது. பெரிய ஃபைலை நகலெடுத்தால் மட்டும் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதற்குள் கேபிளை மாற்றி, சுவிட்ச் போர்ட்டை மாற்றி, ஒன்றும் அறியாத ஃபயர்வாலையும் அணைத்துப் பார்த்திருப்பார்கள். நெட்வொர்க் கார்டின் ஆஃப்லோட் அமைப்பு மட்டும் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பிராசஸரின் வேலையைக் கார்டு எடுத்துக்கொள்வதுதான் ஆஃப்லோட். டிஎஸ்ஓ என்னும் நறுக்கும் வசதி இருந்தால், இயக்க முறைமையின் மையமான கர்னல் 64 கேபி வரை ஒரே துண்டாகக் கொடுக்கும். கார்டு அதை 1500 பைட் எம்டியுவுக்கு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவுக்கு) ஏற்ப நறுக்கி அனுப்பும். எல்ஆர்ஓ இதற்கு நேர்மாறு: வந்த பாக்கெட்டுகளை ஒட்டிப் பெரிதாக்கி மேலே தரும். பாக்கெட் போய்ச்சேரும் இடம் அந்த மெஷினே என்றால் லாபம்தான். ஆனால் விர்ச்சுவல் மெஷின்களைக் கார்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்சான பிரிட்ஜ், வாங்கியதை அடுத்த பக்கம் தள்ளியாக வேண்டும். எல்ஆர்ஓ ஒட்டும்போது ஹெடர் விவரங்கள் சில தொலைந்துவிடுவதால் பழையபடி பிரிக்க முடியாது. எம்டியுவை மீறிய அந்தப் பாக்கெட் கைவிடப்படும். பிங்கை எல்ஆர்ஓ தொடுவதே இல்லை, அது தப்பிவிடும்.

பிரிட்ஜில் சேர்த்ததுமே லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் எல்ஆர்ஓவை அணைத்துவிடும் என்பது உண்மை. அதற்காக டிரைவரை நம்பிவிடாமல் நேரில் பாருங்கள். எல்ஆர்ஓவைப் போலவே ஒட்டும் இன்னொரு வசதியான ஜிஆர்ஓ, திரும்பப் பிரிக்கத்தக்க விதத்தில் ஒட்டுவது. டிரைவரில் பிழை இல்லாதவரை தொல்லை தராது.

பாக்கெட் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்தான் செக்சம்; அதைக் கார்டிடம் விடும் செக்சம் ஆஃப்லோடின் குறும்பு வேறு. பின்னால் கார்டு நிரப்பிக்கொள்ளும் என்று விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் செக்சத்தை அரைகுறையாக விட்டு அனுப்பும். அதே சர்வரிலுள்ள இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்குப் போகும் பாக்கெட்டுக்கு நடுவில் கார்டே கிடையாது. கர்னலுக்கு இது தெரியும். பாக்கெட்டை நேரடியாகப் படிக்கும் சில பழைய டிஎச்சிபி கிளையன்டுகளுக்கு (ஐபி முகவரி கேட்டு வாங்கும் நிரல்களுக்கு)த் தெரியாது. வந்த பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, முகவரி கிடைக்கவில்லை என்று மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். யுடிபி 68-ஆம் போர்ட்டுக்குப் போகும் பாக்கெட்டில் செக்சத்தை நிரப்பும் விதியை லினக்ஸ் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எழுதினால் தீரும்.

அனுப்பும் மெஷினில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் ‘தவறான செக்சம்’ என்று காட்டினால் பதறாதீர்கள். கார்டு நிரப்பும் முன்பே பிடிக்கப்பட்ட பாக்கெட் அது. பெறும் பக்கத்தில் நீளம் 2896, 4344 என்று 1448-இன் (1500 பைட்டில் ஹெடர்கள் போக மிஞ்சுவதன்) மடங்குகளாக வந்தால் ஒட்டும் வேலை நடக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். பிரிட்ஜின் ஒரு பக்கம் நுழைந்த பெரிய பாக்கெட் மறுபக்கம் எந்த வடிவிலும் வரவில்லை என்பதே சாட்சி.

ஆஃப்லோட் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் லினக்ஸ் கட்டளையான ஈத்டூலில் சிறிய ‘கே’ (-k) காட்டும், பெரிய ‘கே’ (-K) மாற்றும். பிரிட்ஜின் பெயரைக் கொடுத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அதனுள் இருக்கும் கார்டின் பெயரைக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் அணைப்பது சோம்பல் வைத்தியம். 10 ஜிபிபிஎஸ் இணைப்பில் அதன் சுமை பிராசஸர் மேல்தான் விழும். முதலில் எல்ஆர்ஓ, பிறகு ஜிஆர்ஓ, பிறகு டிஎஸ்ஓ என்று ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் அதே ஃபைலை நகலெடுத்துப் பாருங்கள். அனுப்பும் பக்கத்துச் செக்சத்தை அணைத்தால் டிஎஸ்ஓவும் கூடவே போய்விடும், ஆகவே அது கடைசி. குற்றவாளி பிடிபட்டதும் அந்த ஒரு வரியை நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலும் எழுதிவிடுங்கள். ஈத்டூலில் செய்த மாற்றம் மறு பூட் வரைதான் நிற்கும்.