கசிவு: ஒரு சொல் விளக்கம்

வேலூர்ப் பக்கத்தில் ‘கசிவு’ என்றால் முதலில் நினைவுக்கு வருவது தண்ணீர்தான். வறண்டு கிடக்கும் பாலாற்று மணலை முழங்கை ஆழத்துக்குக் கையால் பறித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தால், குழியின் அடி மணல் முதலில் கறுத்து, பிறகு பளபளத்து, ஒரு சொம்பு மொள்ளும் அளவுக்கு நீர் ஊறி நிற்கும். ‘கசிவுநீர்க் குட்டை’ என்று அரசுப் பலகைகளில் எழுதுவதும் இந்தப் பொருளில்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளின் கிணறுகளை டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு கெடுத்து, அந்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் நம் வாயில் புழங்கியது இதே சொல்தான்.

‘கசி’ தூய தமிழ் வினையடி. ஈரம் ஊறுவதையும் உள்ளம் நெகிழ்வதையும் அது ஒருங்கே குறிக்கும். ‘காதலாகிக் கசிந்து’ என்று சம்பந்தர் பாடியது இரண்டாவது பொருளில். அரசின் மறைவான ஆவணம் வெளியே வருவதைக் குறிக்கும் பொருளோ மிகவும் பிந்தியது. ஆங்கில ‘லீக்’ என்பதற்கு ஈடாகச் செய்தித்தாள்கள் ஏற்றிய பொருள் அது. பேச்சில் நாம் இன்னும் ‘லீக் ஆயிடுச்சு’ என்றுதான் சொல்கிறோம்.

இந்த ஈட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘கசிந்தது’ என்பது தன்வினை. மணலில் நீர் ஊறுவதுபோல யாரும் செய்யாமல் தானே நடந்ததாக அது காட்டுகிறது. ஆவணமோ தானாக நடந்து வருவதில்லை. ஒருவர் அதை எடுக்கிறார், இன்னொருவர் வாங்கிப் படித்து, அச்சிடலாமா என்று முடிவு செய்கிறார். அந்த முடிவில்தான் அறம் பற்றிய கேள்வி முழுவதும் இருக்கிறது. ‘தகவல் கசிந்தது’ என்ற இரண்டே சொல்லில் அந்த ஆளும் அந்த முடிவும் மறைந்துவிடுகின்றன. ‘கசியவிட்டார்’ என்றால் பாதிக் குறை தீரும்.

வள்ளுவருக்கு இந்த இடர் இல்லை. அரசு மறைவாக வைப்பதை அவர் ‘மறை’ என்கிறார். ஒற்றனுக்குப் பலர் அறியச் சிறப்புச் செய்யும் அரசன் அந்த மறையைத் தானே ‘புறப்படுத்தான் ஆகும்’ என்கிறது 590ஆம் குறள். மறையைக் காக்கத் தெரியாதவனை ‘அருமறை சோரும் அறிவிலான்’ என்கிறது 847. முன்னது செயல், பின்னது நழுவல்; இரண்டிலும் ஆள் கண்ணுக்குத் தெரிகிறான். ‘இரகசியம்’ வடசொல், ‘ரஹஸ்’, அதாவது தனிமை, என்பதிலிருந்து வந்தது. நம் அலுவலக உறைகளின்மேல் எழுதும் ‘மந்தணம்’ அதற்கு நல்ல ஈடு, ஆனால் அந்த உறையைத் தாண்டி அது தெருவுக்கு வரவே இல்லை.

பழி சுமத்த வேண்டுமானால் ‘காட்டிக்கொடுத்தல்’ என்போம். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த சிப்பாய் எழுச்சியை முந்திய மாதமே ஆங்கிலேய அதிகாரியிடம் சொன்னவர் முஸ்தபா பேக் என்ற சிப்பாய். அப்போது அவரைப் பைத்தியம் என்று அடைத்துவைத்த கம்பெனியே பின்னர் அவருக்குப் பரிசும் கொடுத்தது. கம்பெனிக்கு அவர் விசுவாசி, கோட்டைக்குள் மாண்ட சிப்பாய்களுக்குக் காட்டிக்கொடுத்தவர், செயல் ஒன்றே.

மக்களுக்காக வெளிக்கொணர்வதற்கு நம்மிடம் உள்ள சொல் ‘அம்பலப்படுத்தல்’. அம்பலம் ஊரார் கூடும் பொதுவிடம். ஆகவே யாருக்கு முன் வைக்கிறோம் என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் கைக்கு வந்த எல்லாவற்றையும் கொட்டுவதற்கு இச்சொல் பொருந்தாது. வியட்நாம் போர் பற்றிய ஏறத்தாழ 7,000 பக்க இரகசிய ஆய்வை 1971இல் நாளிதழ்களுக்குத் தந்த டேனியல் எல்ஸ்பர்க், அமைதிப் பேச்சு கெடலாம் என்று தூதரகப் பேச்சுவார்த்தைத் தொகுதிகளை மட்டும் நிறுத்திவைத்தார். அச்சிடத் தடையில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3 எனத் தீர்ப்பளித்தது. 2011இல், மறைவான ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் இணையதளம் இரண்டரை லட்சம் அமெரிக்கத் தூதரகச் செய்திகளைப் பெயர்களை மறைக்காமல் வெளியிட்டபோது, முன்பு அதனுடன் சேர்ந்து பணியாற்றிய நாளிதழ்களே கண்டித்தன. முன்னதை அம்பலப்படுத்தல் என்பேன். பின்னதற்குக் ‘கொட்டிவிடுதல்’ போதும்.

நம் சட்டத்திலும் இந்த எடைபோடுதல் உண்டு. 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் மந்தணத்தைத் தருபவரோடு பெறுபவரையும் குற்றவாளியாக்குகிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமோ, 8(2) பிரிவில், கெடுதியைவிடப் பொதுநலன் மிகுந்தால் அந்தப் பழைய சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. ரஃபேல் போர் விமானங்களை வாங்குவது பற்றிய அரசுக் கோப்புகளைத் தி இந்து நாளிதழ் 2019இல் அச்சிட்டபோது, அரசுத் தலைமை வழக்கறிஞர் அவற்றைத் திருடப்பட்டவை என்று நீதிமன்றத்தில் கூறிவிட்டு, சில நாளில், நகல்கள் என்று மாற்றிக்கொண்டார். ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அரசின் ஆட்சேபத்தைத் தள்ளி அவற்றைப் பார்வைக்கு எடுத்துக்கொண்டது. பொதுநலனுக்காக வெளியிட்டோம் என்றது நாளிதழ். மறுநாள் டீக்கடைப் பேச்சில் மட்டும் அந்தத் தாள்கள் ‘கசிந்த’வையாகவே இருந்தன.