நூலகரே, குனிந்து பார்த்துவிட்டு உடையை எடுங்கள்

போன வாரம் இன்னொரு நூலகர் விழுந்துவிட்டார். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிளை நூலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். பத்தாம் வகுப்புப் பையன் கேட்ட புத்தகம் மேல்தட்டில் இருந்திருக்கிறது. ஸ்டூலில் ஏறி எடுத்துவிட்டு இறங்கும்போது புடவைக் கொசுவம் இரும்பு அலமாரியின் முனையில் மாட்டி, கையிலிருந்த புத்தகங்களோடு கீழே வந்துவிட்டார். மணிக்கட்டில் மாவுக்கட்டு. பார்க்கப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்டது "பின் குத்தலையா?" என்றுதான். ஸ்டூல் ஏன் ஆடுகிறது, தகரம் ஏன் மடங்கி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "மேடம், சுடிதார் போடலாமா? யாராவது ஏதாவது சொல்வாங்களா?" சொல்வார்கள். காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர் சொல்வார், "கவர்மெண்ட் வேலைன்னா புடவைதானேம்மா" என்று. 2019-ல் தலைமைச் செயலகப் பணியாளர்களுக்கு அரசு போட்ட உடை உத்தரவிலேயே புடவையோடு சல்வார் கமீசும் துப்பட்டாவோடு சுடிதாரும் இருக்கின்றன. கோட்டையிலேயே ஆகும் என்றால் பென்னாகரத்திலும் ஊத்தங்கரையிலும் ஆகாதா? புடவையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிப் பழகிய சீனியர் அக்காக்கள் ஏணியில் என்னைவிட வேகமாக ஏறுவார்கள், அவர்கள் தாராளமாகக் கட்டட்டும். "புடவை கட்டினால்தான் பசங்க மதிப்பாங்க" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எந்த மதிப்பைச் சொல்கிறார்கள்? பகலெல்லாம் டீச்சரைப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள். இங்கேயும் கஞ்சி போட்ட புடவையில், கையில் குச்சி மட்டும் இல்லாத குறையாக ஒருவர் நின்றால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். "பாத்தீங்களா, என்ன அமைதி!" என்று நமக்குப் பெருமை. அடுத்த வாரம் பாருங்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை உங்கள் துணியைப் பார்த்து மதிப்பதில்லை. கேட்ட புத்தகத்தை முகம் சுளிக்காமல் தேடிக் கொடுத்தீர்களா, பருவ வயது பற்றிய புத்தகத்தை எடுத்தபோது அட்டையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தீர்களா என்பதைத்தான் அது கவனிக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒன்பதாவது படிக்கிற பெண், வீட்டில் கல்யாணம் பேசுகிறார்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டுமென்றால் மேசைக்கு முன்னால் வந்து நின்று சொல்லாது. கீழ்த்தட்டில் புத்தகம் தேடுகிற சாக்கில் உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்லும். நீங்களும் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். துணி கசங்குமே என்று நீங்கள் யோசிக்கிற அந்த நேரத்தில் அது எழுந்து போய்விடும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான், முதலில் உட்கார முடிகிறதா பாருங்கள். முகூர்த்த நாளில் மண்டபத்திலிருந்து பட்டுப்புடவை, முழு நகையோடு நேராக டியூட்டிக்கு வருகிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. பசங்களோடு பசங்களாக இருக்கிறேன் என்று ஓசூர் பக்கம் ஓர் இளம் நூலகர் நடிகர் படம் போட்ட டீ-ஷர்ட்டில் வந்தார். எதிர் நடிகரின் ரசிகப் பையன்கள் அன்று முழுக்க அவரிடம் புத்தகம் வாங்கவே இல்லை, திருப்பித் தந்தவன்கூட மேசையில் தூரமாக வைத்துவிட்டுப் போனான். தம்பி, அவர்கள் கூட்டாளியைத் தேடி நூலகத்துக்கு வரவில்லை, கூட்டாளி அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறான்.

அதைவிட முக்கியமானது கயிறு. நாங்குநேரியில் சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு பையனை வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளி மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024-ல் அறிக்கை கொடுத்தது. நம் நூலகர்கள் மணிக்கட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது பார்த்தார்களா? 2012-ல் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. கயிற்றின் நிறத்தைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் படித்துவிடுவார்கள், யார் எந்த மேசைக்கு வரலாம் என்றும் அப்போதே முடிவு செய்துவிடுவார்கள். கட்சிக்கரை வேட்டியும், மெல்லிய வெள்ளைச் சட்டைப் பையில் தலைவர் படம் வெளியே தெரிகிறதும் அதே கணக்குத்தான். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் சார், கும்பிட்டுக் கேட்கிறேன்.

சரி, என்னதான் போடுவது? காலையில் கண்ணாடி முன்னால் கீழ்த்தட்டுக்குக் குனிந்து, மேல்தட்டுக்குக் கை நீட்டி, சம்மணம் போட்டு உட்கார்ந்து பாருங்கள். மூன்றுக்கும் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தால் அந்த உடை வேண்டாம். பருத்தி போதும், ஏப்ரலில் கரண்ட் போனால் பாலியெஸ்டர் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், சாவி, பென்சில், செல்லோடேப் எல்லாம் எங்கே போகும்? துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் செய்யுங்கள். வெளிர் நிறத்தில் முத்திரை மை போகவே போகாது. அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டால் குனியும்போது பிள்ளை முகத்தில் அடிக்கும், சட்டையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். சலங்கைக் கொலுசு வேண்டாம். வீசிங் இருக்கிற பிள்ளைகள் வருவார்கள், பழைய புத்தகத் தூசியே அவர்களுக்கு அதிகம், அதற்கு மேல் சென்ட் வேண்டாம். பைண்டு வால்யூம் இறக்கும் நாளில் மட்டுமாவது முன்பக்கம் மூடிய செருப்பு.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் பரீட்சைக்கு ஒப்பித்துத்தான் எல்லோரும் இந்த வேலைக்கு வந்தோம். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நாலாவது. முந்தானையைச் சொருகி முடிக்கும்வரை ஒரு பையன் நின்றுகொண்டிருந்தால் அந்த விதி அங்கேயே போச்சு.

கடைசியாக வாசகர்களுக்கு. நூலகர் சுடிதார் போட்டார் என்று ஆலோசனைப் பதிவேட்டில் எழுதுகிறவர்கள், பேனா கையில் இருக்கும்போதே கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, ஸ்டூல் ஆடுகிறது என்றும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். அதைக் காட்டித்தான் நாங்கள் மேலே கேட்க முடியும்.